புனிதரின் இடது கை

என் இடது கையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. ஐந்து வயதிலிருந்து கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு அது. ஆனால் அந்தக் கையை நானே சுரண்டி அழிக்க வேண்டும் என்று நாலு ஆண்கள் என் வீட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னார்களே, அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நாலு பேரில் ஒருவர் என் கணவர்.

நான் டிக்னா. ஸ்கெல்ட் ஆற்றங்கரையில், ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் படகில் அரைநாள் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் கணவர் லாம்பெர்ட் செப்புத் தகட்டில் படம் செதுக்குகிறவர். உளியால் கோடு இழுத்து, கோட்டுக்குள் மையை நிரப்பி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைக்குள் தள்ளினால் படம் வந்துவிடும். கேட்க எளிது. ஒரு முழங்கைக்குச் சட்டை மடிப்பு போடவே இரண்டு நாள் பிடிக்கும்.

எங்கள் ஊரில் படம் செதுக்குகிறவர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு, அதன் சட்டம் எல்லோருக்கும் தெரியும். மனைவி மை பூசலாம், துடைக்கலாம், படத்தைக் கொடியில் காயப் போடலாம், வண்ணம் தீட்டலாம். உளியை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் கடைக் கதவை அடைத்துவிடுவார்கள். உறுப்பினரின் முத்திரை இருக்கிற தகடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ச் சங்கப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள்.

நான் மூன்று வருடமாகத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

லாம்பெர்ட்டின் கை நடுங்க ஆரம்பித்தது அப்போதுதான். சூப்புக் கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி மேசைக்குப் போய்விடும். அந்தக் கையை வைத்துக்கொண்டு செம்பில் முடியளவுக் கோடு எப்படி இழுப்பது? அவருக்கு வந்திருந்த வேலையை ஒருநாள் நான் எடுத்து முடித்தேன். அடுத்ததையும் முடித்தேன். மொத்தம் பதினோரு தகடுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவருடைய முத்திரையான சின்னச் சாவியை நானே செதுக்கினேன். சங்கத்து விருந்தில் அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் ஊர் ஆண்களை மிஞ்ச ஆள் கிடையாது.

பன்னிரண்டாவது தகடுதான் ஜெரோம்.

படம் விற்கிற யோரிஸ் வந்து கேட்டான். "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க. துறவி ஜெரோம் ஒண்ணு வேணும். குகைக்குள்ள உக்காந்து சும்மா யோசிச்சிட்டிருக்கணும். பாத்தா மனசு அப்படியே அடங்கிடணும். காலடியில அவரோட சிங்கம், அதை மறந்துடாதீங்க."

சிங்கத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது? தோல் பதனிடுகிறவன் வீட்டு நாய்க்குப் பிடரி வைத்துவிட்டேன். இந்தத் தொழிலில் எல்லோருடைய சிங்கமும் யாரோ ஒருத்தர் வீட்டு நாய்தான். துறவிதான் என்னை ஆட்டி வைத்தார். பாறைக்குள் ஒரு கிழவர். எழுதிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். இறகுப் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது. பக்கத்தில் மண்டை ஓடு, ஒரு குடம் தண்ணீர், ஒரு ரொட்டி. குகை வாசலிலிருந்து வெளிச்சம் அவர் முழங்கால் வரைக்கும்தான் வருகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் 'என்ன அமைதி, என்ன அமைதி' என்றார்கள். அமைதியாவது! ஏழு மாதம் அவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான். ஊரில் இருக்கிற பெரிய மனிதர்களையெல்லாம் 'போங்கடா' என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த ஆள் அவர். இனி யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் செதுக்கினேன்.

இப்போது கைக்கு வருகிறேன். தகட்டில் இருப்பது காகிதத்தில் தலைகீழாக, அதாவது இடம் வலமாக மாறி விழும். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் எதிரே ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்வார்கள். கண்ணாடியில் தெரிவதைத் தகட்டில் அப்படியே இறக்கினால், காகிதத்தில் அது திரும்பவும் சரியாகிவிடும். துறவியின் கைக்கு எனக்கு வேறு ஆள் இல்லை. லாம்பெர்ட்டின் கை நிற்காது. அதனால் என் கையையே பார்த்துக்கொண்டேன். பேனாவைப் பிடித்துக் கண்ணாடியில் பார்ப்பேன், கீழே வைத்துவிட்டு உளியை எடுத்து நாலு கோடு இழுப்பேன், திரும்பவும் பேனாவைப் பிடிப்பேன். கண்ணாடியில் என் இடது கை வலது கையாகத் தெரிந்தது. தகட்டிலும் வலது கையாகவே இறங்கியது. தொழில் முறைப்படி எல்லாமே சரி.

காகிதத்தில் என்ன வரும்? இருந்தது இருந்தபடி வரும். இடது கை.

நான் கவனிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கவனிக்கவில்லை. எனக்கு அது இயல்பான கை. முதல் படியை உருளையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் பிடித்தபோது நான் முகத்தைப் பார்த்தேன். லாம்பெர்ட் சிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். இருபது வருடமாக என் கையைப் பார்த்துப் பழகியவர், அவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. படத்தின் கீழ் மூலையில் முத்திரைக்காக ஒரு சின்னக் கல்லை வரைந்து வெறுமையாக விட்டிருந்தேன். சாவியைச் செதுக்க மூன்று முறை உளியை எடுத்தேன், மூன்று முறையும் கீழே வைத்துவிட்டேன். ஏனென்று அப்போது எனக்கே தெரியவில்லை.

யோரிஸுக்குப் பொறுமை இல்லை. முத்திரை இல்லாத முதல் படியையே வாங்கிக்கொண்டு போய் மீன் சந்தைக்கு எதிரே இருந்த தன் கடையில் மாட்டினான். மறுநாள் காலையில் நான் ஹெர்ரிங் மீன் வாங்கப் போனேன். மீன் விற்கிற மாய்கென் பத்து வருடமாக என் இடது கையில் மீனை வைக்கிறவள். அவள் தொண்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

"ஏ டிக்னாக்கா! அங்க பாருக்கா, சாமியார் உன் கையை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு!"

"என்னடி உளர்ற?"

"உளர்றேனா? இடது கையில எழுதுறாரு பாரு! அந்தச் சுண்டு விரலைப் பாரு, கோணிக்கிட்டு நிக்குது. இந்த ஊர்ல அந்த விரல் வேற யாருக்கு இருக்கு?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

அந்தச் சுண்டு விரல் தானாகக் கோணவில்லை. பள்ளிக்கூடத்து அம்மா ஒருத்தி, இடது கையால் எழுதினால் பிசாசு பிடிக்கும் என்று மர அளவுகோலால் அடித்து அடித்து உடைத்த விரல் அது. அப்போது எனக்கு ஆறு வயது. விரல் உடைந்த பிறகும் நான் இடது கையால்தான் எழுதினேன். அவள்தான் ஓய்ந்துபோனாள்.

மாய்கெனைக் குறை சொல்ல மாட்டேன். சந்தோஷத்தில் கத்தினாள். ஆனால் மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் சங்கத் தலைவர் கொம்மார் எங்கள் வாசலில் நின்றார். கோயில் ஜன்னல் கண்ணாடிகளில் ஓவியம் தீட்டுகிறவர், வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். கூட ஒரு ஆள் சங்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் வாயையே திறக்கவில்லை. யோரிஸ் நனைந்த கோழி மாதிரி கடைசியில் வந்தான்.

கொம்மார் படத்தை மேசையில் விரித்தார். "லாம்பெர்ட்டு, முப்பது வருஷ உறுப்பினர் நீ. நேத்து சேர்ந்த பையன்கூடப் பண்ணாத தப்பு இது. புனிதர் இடது கையில எழுதுவாரா?"

லாம்பெர்ட் படத்தையே பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே அவர் கை படபடவென்று அடித்துக்கொண்டது.

"தப்புத்தான்," என்றார். "கவனிக்கல."

"அதத்தான் நானும் சொல்றேன். கவனிக்கல. அவ்வளவுதான் விஷயம்." கொம்மார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் தேன் சொட்டியது. "சந்தையில பொம்பளைங்க என்னென்னமோ பேசுறாங்க. நான் காதுல போட்டுக்கல. நமக்கு எதுக்கு அது? இந்தக் கையைச் சுரண்டி எடுத்துடுங்க. தகட்டைப் பின்னாடியிருந்து தட்டிச் சமமாக்கி, வலது கையா போட்டுடுங்க. மூலையில உன் சாவியைப் போடு. புத்தகத்துல 'நான் செதுக்கினது'ன்னு ஒரு கையெழுத்து. நான் போய்ச் சாப்பிடணும், இன்னிக்கு வீட்டுல பன்றிக் கறி."

"அண்ணி, நல்ல வார்த்தை சொல்றாரு, கேட்டுக்குங்க," என்றான் யோரிஸ். "ஒரு வாரத்து வேலை. யாருக்கும் நஷ்டமில்ல."

யாருக்கும் நஷ்டமில்லையாம். நான் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. கை என்னுடையது, கேள்வி அவர்களுடையது, பதில் லாம்பெர்ட்டுடையது.

லாம்பெர்ட் மெதுவாகச் சொன்னார். "சுரண்டிடு டிக்னா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராகப் போய், வேலை மேசையில் மணல் நிரப்பிய தோல் மெத்தை மேல் கிடந்த தகட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். முக்காலியில் உட்கார்ந்தேன்.

"மாட்டேன்."

கொம்மார் புருவத்தைத் தூக்கினார். "ஏம்மா, உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"என்னைக் காப்பாத்த வேணாம். இந்தக் கையை ஒருத்தி ஏற்கெனவே திருத்திப் பாத்துட்டா. விரலு ஒடஞ்சதுதான் மிச்சம். அவளாவது அடிச்சா. நீங்க என்னையே அடிச்சுக்கச் சொல்றீங்க."

"டிக்னா, வாயை மூடு!" லாம்பெர்ட் எழுந்துவிட்டார். "என்ன பேசுறன்னு தெரியுதா? கடையை அடைச்சிடுவாங்க. என் பேரு என்ன ஆகும்?"

"உங்க பேரா? பதினோரு தகட்டுல உங்க பேரை நான் போட்டேன். ஒரு தடவை முகம் சுளிச்சேனா? உங்க சாவியை நீங்க போட்டதைவிட அழகா போட்டேன். பன்னண்டாவதுல என் பேரைக்கூடப் போடல. என் கை தானா வந்து உக்காந்துக்கிச்சு. அதையும் எடுக்கணுமா? அதுகூட இருக்கக் கூடாதா?"

புத்தகம் தூக்கிவந்தவன் வாய் திறக்காதவன்தான், ஆனால் நன்றாகக் காது கேட்கிறவன். அவன் கொம்மாரைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன். தெரியாத மாதிரி இருக்க இனி அவர்களுக்கு வழியில்லை. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அப்படியும் எழுந்திருக்கவில்லை.

கொம்மாரின் தேன் வற்றிவிட்டது. "நான் எதையும் கேக்கல. கேட்டா இப்பவே கதவை அடைக்கணும். லாம்பெர்ட்டு, தகடு உன்னோடது. வாங்கு. என் கண்ணு முன்னாடி நீயே சுரண்டு. சாவியைப் போடு. உன் கை நல்லாத்தான் இருக்குன்னு நான் எழுதிக்கிறேன்."

என்ன மனிதர்! கை நடுங்குகிறவனிடம் சுரண்டியைக் கொடுத்து, நடுங்கவில்லை என்று எழுதிக்கொள்வாராம்.

லாம்பெர்ட் என் முன்னால் வந்து நின்றார். நடுங்குகிற இரண்டு கையையும் நீட்டினார். "குடு டிக்னா," என்றார். கெஞ்சலா, கட்டளையா, புரியவில்லை.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பிறகு தகட்டைத் தோல் மெத்தை மேல் நானே வைத்தேன். பக்கத்தில் சுரண்டியையும் வைத்தேன்.

"செய்ங்க. உங்க கையாலயே செய்ங்க. நான் இங்கதான் நின்னு பாப்பேன். கண்ணை மூட மாட்டேன்."

அவர் உட்கார்ந்தார். சுரண்டியை எடுத்தார். அதன் முனை காற்றில் ஈ மாதிரி ஆடியது. செம்பில் அவருடைய முகமும், முகத்துக்கு மேல் கிழவரின் கையும், கோணல் சுண்டு விரலும் சேர்ந்து தெரிந்திருக்க வேண்டும். அந்த விரலை அவர் முதல்முதலாகப் பிடித்தது ஒரு படகுத்துறையில், எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். ஏன் கோணலாக இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்டார், சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாவை அன்றைக்கு அவர் திட்டிய திட்டு இருக்கிறதே, இங்கே எழுத முடியாது.

அப்புறம் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்தார்.

"ஆமா, முதல்ல சாவியைப் போட்டுடு," என்றார் கொம்மார்.

லாம்பெர்ட் தகட்டின் மேல் குனிந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு உளியைப் பிடிக்கிறார். வலது கை மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுமையாக இருந்த அந்தச் சின்னக் கல்லின் மேல் முனையை ஊன்றினார். மூச்சைப் பிடித்துத் தள்ளினார். செம்பு கரகரவென்று கத்தியது. ஒரு கோடு போட்டார். நிறுத்தி வேர்வையைத் துடைத்தார். இன்னொரு கோடு போட்டார், அது வளைந்து வரவேண்டிய கோடு. பாதி வழியில் உளி வழுக்கி, கல்லைத் தாண்டி, சிங்கத்தின் வால் மேல் ஒரு கீறல் கீறிவிட்டு நின்றது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. திரும்பவும் பழைய இடத்துக்கு வந்து வளைவை முடித்தார்.

"மை பூசு," என்றார் என்னிடம்.

பூசினேன். உள்ளங்கையால் துடைத்தேன். காகிதத்தை வைத்து, இருவருமாக உருளையைச் சுற்றினோம். படத்தை உரித்து எடுத்து அவரே கொம்மாரின் முன்னால் போட்டார்.

கல்லின் மேல் சாவி இல்லை. ஒரே ஓர் எழுத்து இருந்தது. என் பெயரின் முதல் எழுத்து. குழந்தை எழுதின மாதிரி நெளிந்து, நடுங்கி, ஆனால் இடம் வலம் தப்பாமல் நேராக விழுந்திருந்தது.

"இதுதான் என் கோடு, கொம்மாரு," என்றார் லாம்பெர்ட். "நல்லாப் பாத்துக்க. இதைப் போட்ட கைதான் மிச்சத்தையும் போட்டுச்சுன்னு எழுதிக்கிறதா இருந்தா எழுதிக்க. ஊரு சிரிக்கும்."

கொம்மாரின் முகம் வேகவைத்த நண்டு நிறத்துக்கு வந்தது. "கடையை அடைக்கிறேன். தகட்டைக் குடு, பெட்டிக்குப் போகணும்."

"எந்தத் தகடு? உறுப்பினர் முத்திரை இருக்கிற தகடுதான் பெட்டிக்குள்ள போகும். உன் புத்தகத்துலயே இருக்கு, பிரிச்சுப் பாரு. இதுல இருக்கிற முத்திரை யாரோடது? அவ உறுப்பினர் இல்லையே. நீங்கதான் சேக்க மாட்டீங்களே."

புத்தகம் தூக்கிவந்தவன் அதுவரைக்கும் வாயே திறக்காதவன், அப்போது திறந்தான். "அப்படித்தான் இருக்குங்க," என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாசல் கதவைத் திறந்து பிடித்தேன். "கொம்மார் ஐயா, பன்றிக் கறி ஆறிடப் போகுது."

அன்று மாலையே வாசலில் பலகை அடித்தார்கள். சாவி போட்ட தகடுகளையெல்லாம், நான் செதுக்கிய பதினொன்றையும் சேர்த்துத்தான், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாம்பெர்ட்டின் முப்பது வருடம் ஒரு வண்டிக்குள் அடங்கிவிட்டது. அவர் வாசலில் நின்று பார்த்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "உருளையைக் கழட்டலாமா?" என்று கேட்டார்.

அக்கரையில், படகுத்துறையை ஒட்டி இருக்கிற இடத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் சட்டம் செல்லாது. அங்கே ஒரு பழைய வலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். மாய்கென் அவள் மீன் படகிலேயே உருளையை ஏற்றி வந்து சேர்த்தாள். வழி நெடுக, "என் வாயில புழு விழ," என்று புலம்பிக்கொண்டே வந்தாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

துறவியின் படத்தை முதலில் படகுக்காரர்கள் வாங்கினார்கள். அப்புறம் எங்கிருந்தெல்லாமோ இடது கைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்து நின்று படத்தைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கள் கையைப் பார்ப்பார்கள். ஒரு தச்சன் என் முன்னாலேயே அழுதுவிட்டான். யோரிஸும் ஒருநாள் படகேறி வந்தான். வரிசையின் கடைசியில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, அம்பது படி குடுங்க. ஆண்ட்வெர்ப்புல கேக்குறாங்க. ஆனா ஒண்ணு, தப்பா நினைச்சுக்காதீங்க."

"என்ன?"

"படம் அருமை. அந்தக் கையைப் பத்தி இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். மூலையில இருக்கிற எழுத்துத்தான்... குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கு. சிங்கத்து வால் மேலயும் ஒரு கீறல். உங்களுக்கு அரைநாள் வேலை. அதைச் சுரண்டிட்டு உங்க கையாலயே அழகா ஒரு எழுத்து போட்டுட்டீங்கன்னா..."

உள்ளே லாம்பெர்ட் காகிதத்தை நனைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"யோரிஸு," என்றேன். "அந்தத் தகட்டுல நான் போடாத கோடு அது மட்டும்தான். அதுமேல சுரண்டி வைக்கச் சொல்றவன் இந்தப் படகுத்துறையில கால் வைக்கக் கூடாது. இப்ப சொல்லு, அம்பது வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றான். எண்ணிக் கொடுத்தேன், இடது கையால்.